பெண் சூப்பர் ஹீரோவின் கதையில் சவாலையும் காதலையும் இணைத்து எழுதுவது எப்படி?

பெண் சூப்பர் ஹீரோ ஒருத்தியை மையமாக வைத்து காமிக்ஸ் எழுத முனைவோர் பலர், விசித்திர உடையில் வந்து சவால் விடும் எதிரிக்குப் பாதிப் பக்கங்களையும் காதலுக்கு மீதிப் பக்கங்களையும் ஒதுக்கிவிட்டு, இரண்டும் ஏன் ஒட்டவில்லை என்று திகைக்கிறார்கள். பக்கங்களைப் பங்கிடுவதற்கு முன்பு, நாயகியின் மனத்தில் விடையில்லாமல் கிடக்கும் ஒரு கேள்வியைக் கண்டுபிடித்து ஒரே வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எதிரியும் காதலரும் அந்த ஒரே கேள்வியைத்தான், ஒருவர் முஷ்டியாலும் மற்றவர் அன்பாலும், அவளிடம் கேட்க வேண்டும்.

இதற்கு மிகச் சிறந்த பாடம், 1980இல் மார்வெல் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஷீ-ஹல்க். வழக்கறிஞரான ஜெனிஃபர் வால்டர்ஸ், சுடப்பட்டு உயிருக்குப் போராடும் நேரத்தில் ஹல்க் என்ற பச்சை ராட்சதனாக மாறும் தாய்மாமன் மகன் புரூஸ் பேனரின் ரத்தம் ஏற்றப்பட்டு, பச்சை நிறப் பேருருவம் பெறுகிறாள். அந்த உருவத்தில் அவளுக்குக் கிடைக்கும் துணிச்சலும் கவர்ச்சியும் ஜெனிஃபருக்கு வாய்க்காதவை என்பதால், தன்னை நெருங்கி வருபவர் நேசிப்பது இருவரில் யாரை என்ற ஐயம் அவளுடைய காதல்களில் எல்லாம் நிழலாகத் தொடர்கிறது. 1984இல் எதிரியாக வந்து சேர்ந்த டைட்டானியாவோ, பிறரின் கேலிக்கும் கொடுமைக்கும் ஆளாகி வளர்ந்த மெலிந்த பெண். மார்வெல் கதைகளின் வில்லனான டாக்டர் டூம் அளித்த வலிமையையே தன் முழு அடையாளமாகப் பற்றிக்கொண்டவள். ஷீ-ஹல்க்கிடம் தோற்றதைத் தாங்க முடியாமல் மீண்டும் மீண்டும் வந்து மோதும் அவளுடைய ஆவேசத்துக்கு அடியில், பலம் போய்விட்டால் நான் யார் என்ற அச்சம் இருக்கிறது. ஜெனிஃபரைக் காதல் எந்த இடத்தில் தொடுகிறதோ, டைட்டானியாவின் அடியும் அதே இடத்தில்தான் விழுகிறது.

இதைவிட மூத்த உதாரணமும் உண்டு. 1941இல் தோன்றிய வொண்டர் வுமனை ஸ்டீவ் ட்ரெவர் நேசித்தார். ஆனால் அவளே டயானா பிரின்ஸ் என்ற பெயரில், கண்ணாடி அணிந்து, அவருக்கு அருகிலேயே வேலை செய்தபோது அவளை அவர் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1943இல் அவளுக்கு எதிராக வந்த சீட்டா, நிலைக்கண்ணாடியில் சிறுத்தை உடை தரித்த தன் மறுமுகத்தைக் கண்டு அதன் கட்டளைக்குப் பணிந்த செல்வச் சீமாட்டியான பிரிஸில்லா ரிச். இங்கே காதலும் பகையும் இரட்டை வாழ்க்கை என்ற ஒரே வேரிலிருந்து முளைத்திருப்பதைக் கவனியுங்கள்.

ஆகவே சவால் விடுபவளை உருவாக்கும்போது, உடையையும் ஆற்றலையும் தீர்மானிப்பதற்கு முன்பு, நாயகியிடம் இருக்கும் எதை அவள் தனக்கு மறுக்கப்பட்டதாக எண்ணுகிறாள் என்பதை முடிவு செய்யுங்கள். உடை அந்தக் குறையை மறைப்பதாக அமையட்டும். இருவரும் ஒரே ஆணுக்காகப் போட்டியிடுவதாக மட்டும் எழுதிவிடாதீர்கள், ஏனெனில் அந்தக் கணமே இரண்டு பெண்களும் அவனுடைய கதையின் துணைப் பாத்திரங்களாகச் சுருங்கிவிடுகிறார்கள்.

காதலருக்கும் இதே அக்கறை வேண்டும். சண்டையால் தவறிப்போன இரவு விருந்து ஒரு முறை பயன்படும்; இரண்டாம் முறை வாசகருக்குச் சலிப்பூட்டும். உண்மையான சிக்கல், காதலரின் மனக்குறை நியாயமாக இருக்கும்போதுதான் பிறக்கிறது. அவருக்கென்று ஒரு தொழிலும் பிடிவாதமும் கொடுங்கள். நாயகியை விட்டு விலகுவதற்குத் தகுந்த காரணம் ஒன்றையும் கொடுத்துவிட்டு, அதன் பிறகும் அவர் ஏன் விலகவில்லை என்று யோசியுங்கள். சிக்கலை அவிழ்க்கத் தெரியாமல் அவரைக் கொன்றுவிடுவது தீர்வாகாது. 1969இல் ஸ்டீவ் ட்ரெவரை அப்படிக் கொன்ற, வொண்டர் வுமன் கதைகளை வெளியிடும் டிசி நிறுவனமே 1976இல் அவரை உயிர்ப்பித்துத் திரும்ப அழைத்து வந்தது.

இனி காட்சிகளின் பின்னல். காதல் காட்சி ஒன்றில் நாயகி எடுக்கும் முடிவுக்கு அடுத்த சண்டையில் அவள் விலை கொடுக்க வேண்டும். சண்டையில் அவள் செய்தது அடுத்த உரையாடலை வேறு திசைக்குத் திருப்ப வேண்டும். உதாரணமாக, இனி உன்னிடம் எதையும் மறைக்க மாட்டேன் என்று காதலருக்கு வாக்களித்தவள், எதிரியின் ரகசியம் ஒன்றைக் காப்பாற்ற வேண்டிய நிலைக்கு வரலாம். ஒரு காட்சியை நீக்கிய பிறகும் அடுத்த காட்சி மாறாமல் நிற்குமானால், அந்தக் காட்சி கதைக்குத் தேவையில்லை.

அமெரிக்க மாத இதழ்களின் வழக்கப்படி 20 அல்லது 22 பக்கங்களுக்குத் திட்டமிடுகிறீர்கள் என்றால், முகமூடி கழல்வதைப் போன்ற திடுக்கிடல்களை இரட்டைப்படைப் பக்கத்தின் தொடக்கத்தில் வையுங்கள். அச்சில் அந்தப் பக்கம் தாளைப் புரட்டிய பிறகே கண்ணில் படும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், ஒரு பேச்சுக் குமிழுக்குள் இரண்டு சிறிய வாக்கியங்களுக்கு மேல் திணிக்காதீர்கள், குறிப்பாக ஓவியரின் கோடுகள் பேச வேண்டிய சண்டைக் கட்டங்களில்.

இதழின் முடிவில் இரண்டு இழைகளையும் ஒருசேர முடிச்சுப் போட வேண்டியதில்லை. எதிரி தோற்றுப்போன இதழில் காதலர் பதில் சொல்லாமல் போகட்டும். காதல் கனிந்த இதழில் எதிரி தப்பிச் செல்லட்டும். எந்த இழையைத் திறந்து விடுகிறீர்களோ, அடுத்த இதழின் முதல் பக்கத்தை அதிலிருந்தே தொடங்குங்கள்.