பத்தாம் வகுப்பு பாளையக்காரர் பாடம்: ஒரே வாரத்துல நடத்தி முடிக்க ஒரு பிளான்

பத்தாவது சோஷியல்ல ஆங்கிலேயர் ஆட்சிக்கு எதிரா தமிழகத்துல நடந்த தொடக்ககால கிளர்ச்சிகள்னு ஒரு பாடம் இருக்குல்ல, அதை நிறைய பேர் பூலித்தேவர், வேலு நாச்சியார், கட்டபொம்மன், மருது, தீரன் சின்னமலை, வேலூர்னு வரிசையா வாசிச்சு, அடிக்கோடு போட்டு, புக் பேக் கேள்விக்கு பதில் எழுதிப் போட்டு முடிச்சிடறோம். பசங்களும் யாரு எந்த வருஷம் தூக்குல போடப்பட்டாங்கன்னு மனப்பாடம் பண்ணிட்டு அடுத்த மாசமே மறந்துடறாங்க. இந்தப் பாடத்துக்கு அதை விட நல்ல மரியாதை செய்யணும்ங்கறது என் ஆசை, ஏன்னா இது நம்ம ஊர்ல நடந்த கதை, பஸ் ஏறினா போய்ப் பாக்கக்கூடிய இடங்கள்.

திங்கக்கிழமை முதல் பீரியட்லயே போர்டு மூலையில ஒரே ஒரு கேள்வியை எழுதிடுங்க, வெள்ளி வரைக்கும் யாரையும் அழிக்க விடாதீங்க: "இத்தனை பேர் எதிர்த்தும் கம்பெனிக்காரன் எப்படி ஜெயிச்சான்?" வாரம் முழுக்க வர்ற ஹோம்வொர்க், அசைன்மென்ட் எல்லாம் இந்தக் கேள்விக்குத்தான் போய்ச் சேரணும். வெள்ளிக்கிழமை இதுக்கு ஒரு பக்கம் பதில் எழுதணும்னு அன்னிக்கே சொல்லிடுங்க, அப்பதான் நடுவுல கேக்கறதை எல்லாம் காது கொடுத்து கேப்பாங்க.

திங்கள் பாளையம்னா என்னன்னு சொல்றதுக்கே சரியா இருக்கும். மதுரையில 1529ல விஸ்வநாத நாயக்கர் பொறுப்புக்கு வந்தது, அரியநாதர் யோசனைப்படி 72 பாளையமா பிரிச்சது, பாளையக்காரர் வரி வசூலிக்கணும், படை வெச்சுக்கணும், வழக்கு தீக்கணும், இவ்ளோதான். அப்புறம் ஆற்காட்டு நவாப் கடனுக்காக வரி வசூல் உரிமையை ஆங்கிலேயக் கிழக்கிந்திய கம்பெனிகிட்ட கொடுத்ததுல இருந்து சண்டை ஆரம்பிக்குதுன்னு சொல்லி நிறுத்திடுங்க. ஹோம்வொர்க் தமிழ்நாடு மேப். நெற்கட்டும்செவல், பாஞ்சாலங்குறிச்சி, கயத்தாறு, சிவகங்கை, காளையார்கோவில், விருப்பாட்சி, திருப்பத்தூர், ஓடாநிலை, சங்ககிரி, வேலூர். இதுல ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லிடுங்க, மருது சகோதரர்களைத் தூக்குல போட்ட திருப்பத்தூர் சிவகங்கைப் பக்கம் இருக்கறது, சொல்லலைன்னா பாதி கிளாஸ் வேலூர் பக்கத்துல இருக்கற திருப்பத்தூர்ல புள்ளி வெச்சுட்டு வந்துடும்.

செவ்வாய் பூலித்தேவரும் வேலு நாச்சியாரும். ரெண்டு பேரையும் ஒரே பீரியட்ல எடுக்கறது கஷ்டம்தான், ஆனா ரெண்டு பேருக்கும் பொதுவான ஒண்ணு இருக்கு, கூட யாரு நின்னாங்கங்கறது. பூலித்தேவர் மேற்குப் பாளையங்களை ஒண்ணா சேர்த்தாரு, 1755ல வந்த கம்பெனியோட கர்னல் ஹெரான் கோட்டையைப் பிடிக்க முடியாம திரும்பிப் போனாரு. பின்னாடி கம்பெனிப் படைத் தளபதியா வந்த யூசுப் கான்தான் 1761ல நெற்கட்டும்செவலைப் பிடிச்சாரு, அதே வருஷம் பிரெஞ்சுக்காரங்க பாண்டிச்சேரியை இழந்தாங்க, இந்த ரெண்டையும் சேர்த்து போர்டுல எழுதுங்க. அந்த யூசுப் கானையே 1764ல கம்பெனிக்காரங்க தூக்குல போட்டாங்கன்னு சொன்னா கிளாஸ் ஒரு நிமிஷம் அமைதியாகும், அப்ப கேள்விகள் தானா வரும், வரவிடுங்க. வேலு நாச்சியார் கதையில 1772ல காளையார்கோவில்ல கணவர் முத்துவடுகநாதர் இறந்தது, விருப்பாட்சி கோபால நாயக்கர்கிட்ட எட்டு வருஷம் அடைக்கலமா இருந்தது, ஹைதர் அலி கிட்ட படை கேட்டது, 1780ல சிவகங்கையை மீட்டது. ஹோம்வொர்க் ரெண்டே வரி: இவங்களுக்கு யார் உதவினா, ஏன் உதவியிருப்பாங்க?

புதன்தான் எனக்கு ரொம்ப பிடிச்ச நாள். கட்டபொம்மன்னு சொன்ன உடனே பின் பெஞ்சுல இருந்து சினிமா வசனம் வரும், தடுக்காதீங்க, ஒரு பையனை முழுசா பேச விட்டு கைதட்டிட்டு, "சரி, இப்ப நிஜமா நடந்த விசாரணைக்குப் போவோம்"னு ஆரம்பிங்க. 1798ல கட்டபொம்மன் கட்ட வேண்டிய வரி பாக்கி 3310 பகோடா (அந்தக் காலத் தங்க நாணயம்). கலெக்டர் ஜாக்சன் ராமநாதபுரத்துக்கு வரச் சொல்லி ஆகஸ்ட் 18 ஓலை அனுப்பறாரு, நடுவுல குற்றாலத்துலயும் ஸ்ரீவில்லிபுத்தூர்லயும் போய்ப் பாக்க முயற்சி பண்ணா பாக்கவே மறுக்கறாரு, கடைசியா செப்டம்பர் 19 ராமநாதபுரத்துல சந்திப்பு, மூணு மணி நேரம் நிக்க வெச்சதா சொல்றாங்க. தப்பிக்கும்போது நடந்த கைகலப்புல லெப்டினன்ட் கிளார்க் சாகறாரு, அமைச்சர் சிவசுப்பிரமணியனார் மாட்டிக்கறாரு. அதுக்கப்புறம் கட்டபொம்மன் மெட்ராஸ் கவுன்சிலுக்குப் புகார் எழுதறாரு, மூணு பேர் கமிட்டி முன்னாடி டிசம்பர் 15 ஆஜராகறாரு, கமிட்டி அவர் மேல தப்பில்லைன்னு சொல்லுது, ஜாக்சன் வேலை போகுது. நிறைய பசங்களுக்கு இது தெரியவே தெரியாது, வாளை உருவின கட்டபொம்மனை மட்டும்தான் அவங்களுக்குத் தெரியும்.

இதையே நடிக்க வைங்க. மூணு பேர் கமிட்டி, ஒருத்தர் ஜாக்சன், ஒருத்தர் கட்டபொம்மன், மத்தவங்க எல்லாம் ஆளுக்கு ஒரு கேள்வி எழுதி கமிட்டிகிட்ட கொடுக்கணும். ஜாக்சனா நிக்கற பொண்ணுக்கும் வாதம் பண்ண ஏதாவது இருக்கணும், அதனால பாக்கித் தொகை, கிளார்க் மரணம் ரெண்டையும் அவ கையில கொடுத்துடுங்க. பாக்கி 1080 பகோடாவா குறைஞ்சதுக்கு அப்புறமும் 1799 செப்டம்பர்ல கம்பெனியோட மேஜர் பானர்மேன் படையோட ஏன் வந்தான்னு கேட்டு மணி அடிக்கற நேரத்துல விட்டுடுங்க. புதுக்கோட்டை மன்னர் பிடிச்சுக் கொடுத்ததும் கயத்தாறு தூக்கும் அவங்களே வீட்ல படிச்சுட்டு வரட்டும், ஹோம்வொர்க் அதான்.

வியாழன் மருது சகோதரர்கள், கூடவே 1801 ஜூன்ல சின்ன மருது வெளியிட்ட திருச்சிராப்பள்ளி பேரறிக்கை. திருச்சி கோட்டையில நவாப் அரண்மனைச் சுவர்லயும் ஸ்ரீரங்கம் கோயில் மதில்லயும் ஒட்டினாங்க, எல்லா சாதிக்காரங்களையும் முஸ்லிம்களையும் கூப்பிட்டு எழுதினது. புக்ல இதுக்கு கொஞ்ச இடம்தான் ஒதுக்கியிருக்கும், நீங்க பாதி பீரியட் ஒதுக்குங்க. அறிக்கையோட கருத்தை எளிய தமிழ்ல அரைப் பக்கம் எழுதி ஜெராக்ஸ் போட்டு நாலு பேருக்கு ஒண்ணு கொடுங்க, மூணு கேள்விதான்: யாரைப் பாத்து பேசறாங்க, யார் மேல கோவம், என்ன செய்யச் சொல்றாங்க? இங்கதான் பசங்க தானாவே போர்டு மூலையைப் பாக்க ஆரம்பிப்பாங்க, ஏன்னா சின்ன மருதுவும் ஒத்துமை இல்லாததைத்தான் பேசறாரு. மீதி நேரத்துல பாளையங்கோட்டை சிறையில இருந்து கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை தப்பிச்சது, அக்டோபர் 24 திருப்பத்தூர்ல மருது சகோதரர்களைத் தூக்குல போட்டது, அடுத்த பிப்ரவரில 73 பேரை பினாங்குக்கு நாடு கடத்தினது, அப்படியே ஓடாநிலை சின்னமலையை 1805ல சங்ககிரில தூக்குல போட்டதையும் சேர்த்து ஒரு காலக்கோடா போட்டுடுங்க. பொதுத்தேர்வுக்கும் உதவும்.

வெள்ளி முதல் இருபது நிமிஷத்துல வேலூர் போதும். இங்க எதிர்த்தது கம்பெனியோட சிப்பாய்ங்களே, புதுத் தலைப்பாகை, நெத்தியில குறி கூடாது, தாடி எடுக்கணும்னு வந்த உத்தரவுகள், 1806 ஜூலை 10 விடியக்காலை கிளர்ச்சி, ஆற்காட்டுல இருந்து கில்லஸ்பி குதிரைப்படையோட அன்னிக்கே வந்து அடக்கினது. நாலு நாள் பார்த்த பாளையக்காரர் சண்டையில இருந்து இது எங்க மாறுதுன்னு மட்டும் கேளுங்க. மீதி நேரம் நோட்டை எடுத்து அந்த ஒரு பக்கம் எழுதணும்.

திருத்தும்போது கையெழுத்து, மார்ஜின், கலர் பேனா எதுக்கும் மார்க் குறைக்காதீங்க. அஞ்சு மார்க்ல ரெண்டு, தெளிவா ஒரு காரணம் சொன்னதுக்கு. ரெண்டு, அதுக்கு இந்த வாரம் படிச்சதுல இருந்து சம்பவம் காட்டினதுக்கு. ஒண்ணு, பேரும் வருஷமும் சரியா இருந்ததுக்கு. கைடுல இருந்து காப்பி அடிச்சது உடனே தெரிஞ்சுடும், ஏன்னா இந்தக் கேள்வி எந்த கைடுலயும் அப்படியே இருக்காது. எழுதவே திணர்ற பிள்ளைங்களை வாயால சொல்ல வெச்சு நீங்களே ரெண்டு வரி எழுதிக்கோங்க, மார்க் அதே மார்க். திங்கக்கிழமை நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது வேற வேற காரணம் சொன்ன மூணு பதிலைச் சத்தமா வாசிச்சுட்டு, எழுதினவங்க பேரையும் சொல்லிட்டு, அதுக்கப்புறம் அடுத்த பாடத்தை எடுங்க.