முதல் குளிர்காலத்தில் ஒன்ராறியோ மண்ணின் காய்கறி

நவம்பருக்குப் பிறகு ஒன்ராறியோவில் வந்து இறங்குகிறவரின் கண்ணில் வெளியே ஒரு பச்சை இலைகூடப் படாது. "இப்ப இங்க ஒண்டும் விளையாது, எல்லாம் வெளியில இருந்துதான் வருது" என்று முதல் கிழமையிலேயே யாராவது சொல்லிவிடுவார்கள். நானும் அதை நம்பினேன். ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் அறையில் கழிந்த முதல் குளிர்காலம் முழுவதும், விமானத்தில் வந்த முருங்கைக்காயையும் சுருங்கிப்போன கத்தரிக்காயையும்தான் தேடித் தேடி வாங்கினேன். காசும் போனது, கறியிலும் ருசி இல்லை. மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, சந்தையில் மண் ஒட்டிய கரட் ஒரு பை வாங்கிவந்து பால்கறி வைத்தேன். அதுவரை கரட்டுக்கு அப்படியொரு இனிப்பு உண்டென்று எனக்குத் தெரியாது. புதிதாக வருகிறவர்கள் அதற்காக மூன்று வருடம் காத்திருக்கத் தேவையில்லை.

இந்த மாகாணத்தின் பெரிய அறுவடை செப்ரெம்பரிலும் ஒக்ரோபரிலும் முடிகிறது. அதில் ஒரு பெரும்பங்கு உடனே கடைக்குப் போவதில்லை. குளிர்க் களஞ்சியத்துக்குள் போய், குளிர்காலம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருகிறது. 400ஆம் நெடுஞ்சாலையில் பாரி நகரத்துப் பக்கம் போனால், ரொறன்ரோவுக்கு வடக்கே ஏறக்குறைய 50 கிலோமீற்றரில் கரிபோலக் கறுத்த வயல்கள் தெரியும். அதுதான் ஹொலண்ட் மார்ஷ். 1925 முதல் 1930 வரை வாய்க்கால் வெட்டி, கரை கட்டி, நீர் வடித்து எடுத்த சதுப்பு நிலம். கரட்டும் வெங்காயமும் அங்கே முக்கிய பயிர். அலிஸ்ரன் பகுதியில் உருளைக்கிழங்கு. ஜோர்ஜியன் விரிகுடாக் கரையிலும் நோர்போக்கிலும் அப்பிள். அப்பிளை ஒட்சிசன் குறைத்த குளிர் அறையில் அடைத்து வைப்பதால் பழம் மூப்படைவது மந்தமாகிறது. அதனால்தான் ஒக்ரோபரில் பறித்தது மார்ச் மாதத்திலும் கடிக்க மொறுமொறுவென்று இருக்கிறது.

குளிர் எல்லாப் பயிரையும் கெடுப்பதில்லை. சிலதைத் திருத்துகிறது. கரட், பார்ஸ்னிப் என்ற கிழங்கு, கேல் என்ற கீரை போன்றவை உறைபனி விழத் தொடங்கியதும் தங்களிடமுள்ள மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. சர்க்கரை கலந்த நீர் லேசில் உறையாது. செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலை அது. நான் வாங்கிய கரட்டின் இனிப்புக்கும் அதுதான் காரணம்.

இனி அடுப்படி. கேல் இலையைக் கண்டதும் பலர் ஒதுங்கிப் போகிறார்கள், தடிப்பாக இருக்கிறதென்று. நடுத்தண்டை உருவி எறிந்துவிட்டு, இலையைச் சுருட்டி முடிந்தவரை மெல்லிசாக அரியுங்கள். வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சளுடன் மூடிபோட்டு, சாதாரணக் கீரையைவிட நாலைந்து நிமிடம் கூடுதலாக விட்டு, கடைசியில் தேங்காய்ப்பூ போட்டுப் பிரட்டினால் அருமையான வறை. எங்கள் வீட்டில் இப்போது சோற்றுக்கு அதுதான் முதல் தெரிவு. லீக்ஸ் நமக்குப் புதிதல்ல, நுவரெலியாவில் இருந்து வந்ததைத் தின்று வளர்ந்தவர்கள்தானே. இங்கும் அதே செய்முறை. ஆனால் மடிப்புகளுக்குள் மண் ஒளிந்திருக்கும், நெடுக்காகப் பிளந்து கழுவுங்கள்.

ருட்டபாகா என்ற பெரிய உருண்டைக் கிழங்கு கடையில் மெழுகு பூசிப் பளபளவென்று கிடக்கும். ஈரம் காயாமல் இருக்கப் பூசிய மெழுகு அது. தோலைத் தடிப்பாகச் சீவிவிட்டால் போய்விடும். உள்ளே மஞ்சள் சதை, நோக்கோலின் அண்ணன் என்று சொல்லலாம். வெந்தயம் போட்டு வெள்ளைக்கறி வையுங்கள். பார்ஸ்னிப் பார்வைக்கு வெள்ளைக் கரட், ஆனால் இனிப்பு தூக்கலாக இருக்கும். அதைப் பாலில் போட்டு நான் கெடுத்திருக்கிறேன். கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்து, உறைப்பாகப் பிரட்டி, இறக்கும்போது தேசிக்காய் பிழிந்தால்தான் அதற்குச் சரி.

நோர்போக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஈரி ஏரிக் கரையில் உள்ள மணற்பாங்கான நிலம். நெடுங்காலம் புகையிலை விளைந்த இடம். புகையிலை குறைந்த பிறகு அங்குள்ள விவசாயிகளில் பலர் வேறு பயிர்களுக்கு மாறினார்கள். அவற்றில் இரண்டு நமக்கு நெருக்கமானவை: வத்தாளங்கிழங்கும் கச்சானும். பனி கொட்டும் நாட்டில் கச்சான் விளைகிறதென்று முதலில் கேட்டபோது நான் நம்பவில்லை. புகையிலையும் கச்சானும் மணல் நிலமும் தெரிந்த யாழ்ப்பாணத்தவருக்கு அந்த மாவட்டம் அந்நியமாகத் தோன்றாது. ஜனவரியில் ஒன்ராறியோ வத்தாளை அவித்து, தேங்காய்ப்பூவும் கட்டைச் சம்பலும் வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.

அப்பிளில் மக்கின்ரொஷ் என்ற வகை இந்த மாகாணத்தின் சொந்தப் பிள்ளை. 1811இல் ஜோன் மக்கின்ரொஷ் என்ற விவசாயி கிழக்கு ஒன்ராறியோவின் டண்டெலாவில் கண்டெடுத்த கன்றில் இருந்து வந்தது. லேசான புளிப்பு இருக்கும். மாங்காய் கிடைக்காத நாளில் அதைத் துருவி மிளகாயும் உப்பும் சேர்த்துச் சம்பல் போடலாம்.

ஹியூரன் மாவட்டப் பக்கம் வெள்ளை அவரை, கறுப்பு அவரை, சிவப்பு ராஜ்மா எல்லாம் விளைகின்றன. காய்ந்த பயறு என்பதால் வருடம் முழுக்கக் கிடைக்கும்; கௌபிக்குப் பதிலாகச் சுண்டலுக்கு ஆகும். சிவப்பு ராஜ்மாவை மட்டும் கவனமாகச் சமையுங்கள். இரவு ஊறவைத்த தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது கொதிக்கக் கொதிக்க அவிக்க வேண்டும். மெதுவாகச் சமைக்கும் மின்பானையில் நேரே போட்டால் அதிலுள்ள நச்சு முறியாது, வயிறு கலங்கிவிடும். காளான் கட்டடத்துக்குள் வளர்வதால் அதற்கு மாதக்கணக்கே இல்லை.

தக்காளியும் வெள்ளரியும் குடைமிளகாயும் லீமிங்ரன் பக்கத்துக் கண்ணாடிக் கூடங்களில் விளைகின்றன. கனடாவின் தென்கோடியில், விண்ட்சருக்கு அருகே உள்ள ஊர் அது. விளக்கு வைத்த கூடங்களில் குளிர்காலத்திலும் காய்க்கும், விளக்கில்லாதவற்றில் இளவேனில் நெருங்கும்போதுதான் காய் வரும். ஒரே பெயர் அச்சிட்ட பெட்டியில் கோடையில் லீமிங்ரன் தக்காளியும் ஜனவரியில் மெக்சிக்கோத் தக்காளியும் வரக்கூடும். பெட்டியில் எந்த நாட்டு விளைச்சல் என்று சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டுக் கூடையில் போடுங்கள்.

அடையாளம் காண ஒரு சுலபமான வழி ஃபூட்லண்ட் ஒன்ராறியோ என்ற சின்னம். மாகாண அரசு 1977இல் தொடங்கிய திட்டம் அது. எந்த மாதத்தில் எது கிடைக்கும் என்ற அட்டவணையையும் அவர்கள் வைத்திருக்கிறார்கள். பழத்தில் ஒட்டியிருக்கும் சின்ன இலக்கத்தைப் பார்த்து நாட்டைக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது பிழை. அந்த இலக்கம் வகையைச் சொல்லும், 9இல் தொடங்கும் ஐந்து இலக்கமென்றால் இயற்கை விவசாயம் என்று சொல்லும், ஊரைச் சொல்லாது. விலைப்பலகையில் பெரிய எழுத்தில் இருப்பது இறாத்தல் விலை, கிலோ விலை அதற்குக் கீழே சின்னதாக இருக்கும்; இரண்டையும் மாற்றிப் படிக்காதீர்கள். சமைக்காத காய்கறிக்கு விற்பனை வரி கிடையாது. உருளைக்கிழங்கு, கரட், வெங்காயம் மூன்றையும் பெரிய பைகளில் வாங்கிப் பக்கத்து வீட்டாரோடு பங்கு போட்டால் இன்னும் மிஞ்சும்.

சந்தைக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். ரொறன்ரோ நகர மையத்தில் ஃப்ரண்ட் வீதியும் ஜார்விஸ் வீதியும் சந்திக்கும் இடத்தில் உள்ள சென் லோரன்ஸ் சந்தையின் தொடக்கம் 1803. அங்கே விவசாயிகளின் சந்தை சனிக்கிழமைகளில், குளிர்காலத்திலும் நடக்கும். டொன் பள்ளத்தாக்கில், பழைய செங்கல் ஆலையில் நடக்கும் எவர்கிறீன் பிறிக் வேர்க்ஸ் சனிச் சந்தையும் அப்படித்தான். சந்தையில் நிற்கும் எல்லாரும் விவசாயிகள் அல்லர். மொத்தச் சந்தையில் வாங்கிவந்து விற்பவர்களும் இருப்பார்கள். "இது உங்கள் தோட்டத்தில் விளைந்ததா? எந்த ஊர்?" என்று கேட்கத் தயங்காதீர்கள். உங்கள் ஆங்கிலம் தட்டுத்தடுமாறினாலும் பரவாயில்லை. விளைவித்தவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். எனக்குப் பார்ஸ்னிப்பைப் பழக்கியது அப்படி ஒரு கேள்விதான்.

வீட்டில் வைக்கும் இடமும் முக்கியம். நாம் வழக்கமாக எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டிவிடுவோம். அப்பிளில் இருந்து எதிலீன் என்ற வாயு வெளிவரும். பக்கத்தில் கரட் இருந்தால் கசந்துபோகும். இரண்டையும் பிரித்து வையுங்கள். உருளைக்கிழங்குக்கு வெளிச்சம் ஆகாது. பச்சை படிந்த பகுதியை ஆழமாக வெட்டி எறியுங்கள். முழுதும் பச்சையென்றால் அந்தக் கிழங்கே வேண்டாம். பட்டர்நட் போன்ற தடித்த தோல் பூசணிக்கு 10 முதல் 15 பாகை போதும். பேஸ்மென்றில் வெளிச்சுவரை ஒட்டிய உலர்ந்த மூலை ஏறக்குறைய அந்தச் சூட்டில் இருக்கும். குளிரும் இருட்டும் என்று நாம் நொந்துகொள்ளும் அந்த அறை இந்தக் காய்களுக்கு நல்ல களஞ்சியம். நான் நவம்பரில் வாங்கிய பூசணிக்காயைப் பெப்ரவரியில் வெட்டிக் கறி வைத்திருக்கிறேன்.

இதற்காக முருங்கைக்காயை மறக்கச் சொல்லவில்லை. கறிவேப்பிலையும் தேங்காயும் இல்லாமல் மேலே சொன்ன எந்தக் கறியும் கறியாகாது, அவை தூரத்தில் இருந்துதான் வரும். கிழமையில் மூன்று நாள் இந்த மண்ணின் காய், மற்ற நாள் நாம் பழகிய காய் என்று தொடங்கினாலே போதும். பிள்ளைகள் முதலில் கேலைத் தள்ளி வைப்பார்கள். அவர்களுக்கு வத்தாளையில் தொடங்குங்கள்.

மார்ச் மாதம் இரவில் உறைந்து பகலில் இளகும்போது மேப்பிள் மரத்தில் சாறு ஊறும். 40 லீற்றர் சாற்றைக் காய்ச்சினால்தான் 1 லீற்றர் பாகு. அதற்குப் பிறகு ஏப்ரல் கொஞ்சம் வறட்சியான மாதம். களஞ்சியக் காய் சலித்துவிடும், வயலில் இன்னும் எதுவும் இராது. அப்போது காய்ந்த அவரையையும் காளானையும் வைத்து ஓட்டுங்கள். மே மாதத்தில் அஸ்பரகஸ் என்ற பச்சைத் தண்டு கட்டுக் கட்டாக வந்து இறங்கும். அதைப் போஞ்சியைப் போலக் குறுக்கே அரிந்து வறை செய்யலாம். அடுப்பில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள், பச்சை நிறம் மங்குவதற்குள் தேங்காய்ப்பூவைத் தூவி இறக்கிவிடுங்கள்.