பால்வினை நோய்ப் பரிசோதனை: அவசரமும் தவறு, தாமதமும் தவறு

பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு பயந்துபோய் மறுநாளே லேபுக்கு ஓடுகிறவர்கள் நிறையப் பேர். நெகட்டிவ் என்று வந்ததும் விஷயம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அந்த ரிசல்ட் சொல்வது, அந்த உறவுக்கு முன்பு இருந்த நிலையை மட்டும்தான். கிருமி உடம்புக்குள் போனாலும் டெஸ்டில் தெரிய நாளாகும். கிளமிடியா, கொனோரியா என்ற பால்வினை நோய்களுக்குச் சுமார் 2 வாரம். எச்.ஐ.வி.க்கு, கையில் ரத்தம் எடுத்து லேபில் ஆன்டிஜன் (கிருமியின் புரதம்), ஆன்டிபாடி (அதை எதிர்த்து உடம்பு உண்டாக்குவது) இரண்டையும் பார்த்தால் 45 நாள். விரலில் குத்திப் பார்க்கும் ஆன்டிபாடி கிட் என்றால் 90 நாள். சிஃபிலிஸ் என்ற பால்வினை நோயும் 3 மாதம் வரை போக்குக் காட்டலாம்.

ஓடியே ஆக வேண்டிய சமயமும் ஒன்று உண்டு. எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். "லீவு முடியட்டும், பார்க்கலாம்" என்பதற்கு இங்கே இடமே இல்லை.

அடுத்தது, புண் ஆறிவிட்டது என்று நம்புவது. சிஃபிலிஸின் முதல் புண் பெரும்பாலும் வலிக்காது. மருந்தே போடாவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் தானாக ஆறிவிடும். இடையில் ஏதோ ஒரு களிம்பு தடவியவர், களிம்புதான் குணப்படுத்தியது என்று சத்தியமே செய்வார்! கிருமி எங்கேயும் போயிருக்காது. சில வாரம் கழித்து உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பாக எட்டிப் பார்க்கலாம், அப்புறம் வருடக்கணக்கில் சத்தமே இல்லாமல் இருக்கலாம். இத்தனைக்கும் ஆரம்பத்திலேயே பிடித்தால் ஒரு தடவை போடும் பென்சிலின் ஊசி போதும்.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கை விழுங்குவதும் வேண்டாம். கொனோரியாக் கிருமி பல மருந்துகளுக்கு ஏற்கெனவே அசைந்துகொடுப்பதில்லை.

டாக்டரிடம் கூச்சப்பட்டுப் பாதியைச் சொல்லி, பாதியை மறைப்பவர்களும் உண்டு. தொண்டையிலோ ஆசனவாயிலோ இருக்கும் தொற்றைச் சிறுநீர் டெஸ்ட் காட்டாது. எந்த வகை உறவு என்று சொன்னால்தான் அந்த இடத்தில் பஞ்சுக் குச்சியால் தடவி மாதிரி (ஸ்வாப்) எடுப்பார்கள். சிறுநீர் கொடுக்கும்போதும், அதற்கு முன் 1 மணி நேரமாவது போகாமல் இருந்து, முதலில் வருவதைப் பிடிக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்து அதிகம் நடக்கும் தவறு, ஒருவர் மட்டும் மருந்து சாப்பிடுவது. கிளமிடியா பலருக்கு அறிகுறியே காட்டாது; துணைக்கு ஒன்றுமில்லை என்று விட்டால் அவரிடமிருந்தே திரும்ப வரும். இருவரும் சேர்ந்து சிகிச்சை எடுங்கள், முடித்து 7 நாள் வரை உறவு வேண்டாம். 3 மாதம் கழித்து மறுபடி ஒரு டெஸ்ட். ஆணுறையோடு எண்ணெயோ வாசலினோ சேர்க்காதீர்கள், லேடெக்ஸ் கிழிந்துவிடும். தண்ணீர் அல்லது சிலிக்கான் அடிப்படையிலான வழுக்குத் திரவம்தான் சரி.