கருவாடு பார்த்து வாங்கத் தெரிந்தவருக்குச் சீஸ் ருசிக்கவும் வரும்

கீழக்கரையில் எங்கள் வீட்டுக்குச் சீஸ் வளைகுடாவிலிருந்துதான் வந்து சேர்ந்தது. காக்கா, அதாவது என் அண்ணன், விடுமுறைக்கு வரும்போது பேரீச்சம்பழத்துக்கும் பால்மாவுக்கும் நடுவில் ஒரு டின் செடார் இருக்கும். ரொட்டியில் வைத்துச் சாப்பிட்டு முடித்துவிடுவோம். ஒரு தடவை அவர் நன்கு முதிர்ந்த கௌடா கொண்டுவந்தார். ஒரு துண்டு கடித்துப் பார்த்த உம்மா, "இதுல மாசிக் கருவாட்டு ருசி இருக்கே" என்றார்கள்.

உம்மா சொன்னது சரிதான். சூரை மீனை அவித்துக் காயவைத்த மாசியில் இருப்பது இனோசினேட். மாதக்கணக்கில் முதிரும் சீஸில் புரதம் உடைந்து குளுட்டமேட் ஆகிறது. இரண்டுமே உமாமி என்கிற ஒரே சுவையைத் தருபவை. பாம்பன் ரோட்டுக் கடையில் கருவாட்டை முகர்ந்து தரம் சொல்கிற மூக்கு நம்மிடம் இருக்கிறது. சீஸுக்கும் அதே மூக்குப் போதும்.

முதலில், வாங்குவது

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஸ்லைஸும் சின்னக் கட்டிகளும் பெரும்பாலும் பதப்படுத்திய சீஸ். சீஸை உருக்கி, கொழுப்பு பிரியாமல் இருக்கச் சிட்ரேட் அல்லது பாஸ்பேட் உப்பு சேர்த்து அச்சில் ஊற்றியது. எப்போதும் ஒரே ருசிதான் இருக்கும், பழகுவதற்கு அது உதவாது. பாக்கெட்டின் பின்புறம் பாருங்கள்: பால், உப்பு, பாலைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர், ரென்னெட். அநேகமாக இந்த நான்கோடு முடிந்தால் நல்லது.

ரென்னெட் பற்றி எங்கள் வீடுகளில் முதலில் கேட்பார்கள். அது பாலைத் திரளவைக்கும் நொதி, வழக்கமாகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பது. இன்று பல சீஸ்கள் நுண்ணுயிர் ரென்னெட்டில் செய்யப்படுகின்றன. நம் நாட்டுப் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் விலங்கு ரென்னெட் இல்லை. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் கன்று ரென்னெட்தான் போட வேண்டும் என்பது விதி. தவிர்ப்பவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

தொடக்கத்துக்கு நான்கு போதும்: மொசரெல்லா, ஃபெட்டா, முதிர்ந்த கௌடா, நீலச் சீஸ். நான்கு பேருக்கு ஒவ்வொன்றிலும் 100 கிராம் தாராளம். ருசிக்கும் வரிசையும் இதுதான். நீலத்தை முதலில் வாயில் போட்டால் மொசரெல்லா வெறும் தண்ணீராகத் தெரியும்.

நம் வெயிலும் நம் தண்ணீரும்

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் வெளியே வையுங்கள் என்று குளிர்நாட்டுக்காரர்கள் எழுதுவார்கள். சித்திரை மாதத்துக் கீழக்கரையில் அப்படி வைத்தால் கௌடா எண்ணெய் கக்கிவிடும். 15 நிமிடம் போதும், மூடியே வையுங்கள். சில்லென்று சாப்பிட்டால் மணம் எழும்பாது. வேர்த்து வழிந்தால் ருசி கெட்டுப்போகும்.

இடையில் வாய் கொப்பளிக்க வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். கடற்கரைத் தண்ணீரின் உவர்ப்பு நாக்கிலேயே தங்கி, எல்லாச் சீஸையும் உப்பாகக் காட்டும். கேன் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டியும் வையுங்கள். காலை 11 மணி வாக்கில், மிளகாய் படாத நாக்கோடு உட்காருங்கள். நம் குண்டு மிளகாய்க் குழம்பு சாப்பிட்ட பிறகு ஒன்றும் பிடிபடாது.

பார்த்து, பிட்டு, முகர்ந்து, பிறகு வாயில்

முதலில் விரலால் பிட்டுப் பாருங்கள். மொசரெல்லா நார்நாராகப் பிரியும், ஃபெட்டா உதிரும், முதிர்ந்த கௌடா விரிசல் விட்டு உடையும். கௌடாவைச் சுற்றியிருக்கும் மெழுகைச் சாப்பிடக் கூடாது.

பிட்ட இடத்தை மூக்கருகில் கொண்டுபோய் முகருங்கள். மேல்தோலை முகர்ந்தால் உள்ளே இருப்பது தெரியாது. கருவாட்டையும் முதுகை ஒடித்துத்தானே பார்ப்போம்? பிறகு சின்னத் துண்டை மென்று, வாயை மூடி மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். சீஸின் பாதி ருசி அந்த மூச்சில்தான் வரும். இதை அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள், நான்கைந்து முறை செய்தால் பழகிவிடும்.

மொசரெல்லாவில் பால் வாசமும் லேசான மோர்ப் புளிப்பும் மட்டுமே இருக்கும். ஃபெட்டா உப்புநீரில் ஊறியது. கிரேக்க நாட்டு அசலில் செம்மறிப் பாலே பிரதானம், வெள்ளாட்டுப் பால் 30 சதவீதம் வரை சேரலாம். அந்த ஆட்டு வாடை குறையல்ல, அதுதான் அதன் அடையாளம். உப்பு அதிகமாகப் பட்டால் சில நிமிடம் தண்ணீரில் போட்டு எடுங்கள்.

முதிர்ந்த கௌடாவில் பல்லில் நறநறவென்று மணல் கடிபடும். உப்பு என்று நினைக்கத் தோன்றும், ஆனால் புரதம் உடைந்து உருவான டைரோசின் படிகங்கள் அவை. நன்றாக முதிர்ந்ததற்கு அது சாட்சி. இதோடு ஒரு சில்லு பனங்கருப்பட்டி கடித்துப் பாருங்கள். திரட்டுப்பால் அடிபிடித்த வாசம் இரண்டிலும் இருப்பதால் அவ்வளவு அழகாகச் சேரும். எனக்கு இதைவிடப் பிடித்த ஜோடி இல்லை.

நீலச் சீஸில் ஊசியால் துளை போடுவார்கள். உள்ளே காற்றுப் போனால்தான் பெனிசிலியம் ராக்ஃபோர்ட்டி என்னும் பூஞ்சை நரம்புபோலப் படரும். அது கொழுப்பை உடைப்பதால்தான் அந்தக் காட்டமான நெடி. முதல் வாயில் பிடிக்காவிட்டால் பேரீச்சம்பழத்தைப் பிளந்து நடுவில் துளி வைத்துத் தின்று பாருங்கள்.

எழுதுவது

ஆங்கிலக் குறிப்புகளில் வரும் ஹேசல்நட், வைக்கோல் எல்லாம் நமக்கு எதற்கு? உங்கள் அடுப்படிச் சொற்களிலேயே எழுதுங்கள்: சீம்பால், மாசி, மோர், காய்ச்சிய நெய், ஈரச்சாக்கு. "சூப்பர்" என்று எழுதினால் அடுத்த மாதம் உங்களுக்கே ஒன்றும் நினைவு வராது. என் நோட்டிலிருந்து ஒன்று:

"கௌடா, முதிர்ந்தது. நிறம் கருப்பட்டிப் பாகில் பால் கலந்ததுபோல். உடையும், நறநறப்பு உண்டு. முதலில் இனிப்பு, பிறகு உப்பு, கடைசியில் மாசி. விழுங்கிய பிறகும் ருசி நிற்கிறது. விலைக்குத் தகும். தோசை மேல் தூவ வேண்டாம், வீணாகும்."

மீதியைப் பட்டர் பேப்பரில் சுற்றி டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். கௌடாபோன்ற கெட்டிச் சீஸில் புதிதாகப் பூஞ்சை பிடித்தால் அந்த இடத்தைச் சுற்றி 2.5 செ.மீ. வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். மென்மையான சீஸில் பிடித்தால் முழுவதையும் எறியுங்கள். கர்ப்பிணிகள் நீலச் சீஸும், பிரீ போன்று பூஞ்சைத்தோல் உள்ள மென்மையான சீஸும் பச்சையாகச் சாப்பிட வேண்டாம், லிஸ்டீரியா என்னும் பாக்டீரியாவின் தொற்று ஆபத்து உண்டு.

ஒரு வாரம் கழித்து அந்த மீதியை எடுத்து, பழைய குறிப்பைப் பார்க்காமல் இன்னொரு முறை எழுதுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.