மேலுதட்டு முடி: கேட்கும் விதம்

பார்லருக்குப் புருவம் திருத்த வந்தவரிடம் "மீசை தெரியுதே, எடுத்துடவா?" என்றால் அடுத்த முறை அவர் வரமாட்டார். கையில் கண்ணாடியைக் கொடுத்து, "புருவம் மட்டும் போதுமாங்க, வேற ஏதாவது பண்ணணுமா?" என்று எல்லாரிடமும் ஒரே மாதிரி, பக்கத்து நாற்காலிக்குக் கேட்காத குரலில் கேட்டதும் பிரச்சினை தீர்ந்தது. வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும்.

சரி என்றால், பருவுக்கு மாத்திரையோ ரெட்டினால் க்ரீமோ உண்டா என்று முதலில் கேளுங்கள். ஐசோட்ரெட்டினாயின் என்ற பரு மாத்திரையை நிறுத்தி 6 மாதம் ஆகாதவருக்கு வாக்ஸ் கூடவே கூடாது, தோலே உரிந்து வரும்.

வாக்ஸின் சூட்டை உங்கள் மணிக்கட்டில் பாருங்கள். ஒவ்வொரு பக்கமாக, தோலை இழுத்துப் பிடித்து, பட்டையைத் தோலோடு ஒட்டியே இழுக்க வேண்டும். மேலே தூக்கினால் முடி பாதியில் அறும்.

தாடையில் திடீரென்று தடித்த முடி, மாதவிலக்கும் தள்ளிப்போகிறது என்று அவரே சொன்னால், டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.