ஸ்விஃப்ட்டை டைம் அட்டாக்குக்குத் தயார் செய்வது எப்படி: இன்ஜினைக் கடைசியில் தொடுங்கள்

டைம் அட்டாக்கில் பக்கத்துக் காரை முந்த வேண்டியதில்லை. போட்டி கடிகாரத்தோடு மட்டும்தான். ஒரு சுற்று டயரைச் சூடாக்க, ஓரிரு சுற்று முழு வேகத்தில், பிறகு ஒரு சுற்று எல்லாம் ஆறுவதற்கு. அன்றைக்கு நீங்கள் போட்டதிலேயே குறைந்த நேரம் எதுவோ அதுதான் கணக்கு. ஜப்பானின் சுகுபா டிராக்கில் பெயர் வாங்கிய விளையாட்டு இது. சிட்னியில் 2010 முதல் இதற்கென்றே உலகப் போட்டி நடக்கிறது. அங்கே வரும் கார்களின் முதுகில் சாப்பாட்டு மேசை அகலத்துக்கு விங் (காரைத் தரையோடு அழுத்தும் இறக்கை) நிற்கும். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு இங்கே முதல் வேலையாக சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றுகிறவர்கள்தான் அதிகம். சத்தம் கூடும், நேரம் குறையாது.

இந்தப் பதிவில் நான் எடுத்துக்கொள்வது 2018-இல் வந்த ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோல். 83 குதிரைத்திறன்தான், ஆனால் எடை 900 கிலோவுக்கும் கீழே. உதிரிபாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். சென்னைக்குப் பக்கத்தில் உள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலோ கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ பழக இது தாராளம்.

ஆரம்பிக்கும் முன்

இந்தக் கார் ரோட்டிலும் ஓடப் போகிறதா, டிராக்கில் மட்டுமா? முதலில் இதை முடிவு செய்யுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. ரோட்டில் ஓட்டுவதென்றால் பிரேக் பேட், ஆயில், டயர் என்று தேய்ந்தால் மாற்றும் சாமான்களோடு நில்லுங்கள். அதற்கு மேல் போனால் காரை டிராக்குக்கு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். சாதாரண இன்சூரன்ஸ் பாலிசி ரேஸுக்குச் செல்லாது என்பதும் நினைவிருக்கட்டும்.

படி 1: பிரேக்

ரோட்டில் நன்றாகப் பிடிக்கிற பிரேக், டிராக்கில் ஐந்தாவது சுற்றில் கைவிரித்துவிடும். அது எப்படிக் கைவிரிக்கிறது என்பதைக் காலே சொல்லும். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிக் கீழே போனால், பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழ் வந்துவிட்டது. பெடல் கல் மாதிரி நிற்கிறது, கார் மட்டும் நிற்கவில்லை என்றால், பேட் சூடு தாங்காமல் பிடியை விட்டுவிட்டது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. முதலாவதற்கு ஆயில், இரண்டாவதற்கு பேட்.

பிரேக் ஆயிலின் தரத்தை டாட் எண்ணால் சொல்வார்கள். டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி, டாட் 4-க்கு 230, டாட் 5.1-க்கு 260. இதெல்லாம் புது டப்பாவைத் திறந்த அன்றைய கணக்கு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; ஈரம் ஏறிய டாட் 4-இன் கொதிநிலை 155 வரை இறங்கலாம். சென்னைக் காற்றின் ஈரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகவே டிராக்குக்குப் போகும் முந்தைய வாரம் பழைய ஆயிலை முழுசாக வெளியேற்றிப் புதுசு ஊற்றுங்கள். சிலிகான் வகை டாட் 5 இதில் சேராது, அதைத் தொட வேண்டாம்.

புது பேட் போட்டால் பழக்க வேண்டும். காலி சாலையில் 80-லிருந்து 20 வரை அழுத்திக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல் மறுபடி வேகமெடுத்து, எட்டுப் பத்து முறை. பிறகு பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள்.

படி 2: டயரும் காற்றும்

என்னைக் கேட்டால் காசுக்கு அதிக நேரம் மிச்சமாவது இங்கேதான். முன்சக்கரம் இழுக்கும் காரில் முன் டயர்தான் இழுக்க வேண்டும், திரும்ப வேண்டும், பிரேக்கில் பெரும்பாரத்தையும் தாங்க வேண்டும். வீலைப் பெரிதாக்காதீர்கள், 15 அங்குலமே போதும். கிடைப்பதில் நல்ல பிடியுள்ள டயரை வாங்குங்கள்.

டிராக்கில் ஓட ஓடக் காற்றின் அழுத்தம் ஏறும். ஆறிய டயரில் 28, 29 பி.எஸ்.ஐ. வைத்துக் கிளம்பினால், மூன்று நான்கு சுற்றில் 34, 35-க்குப் போவது சகஜம். நமக்கு முக்கியம் சூடான டயரின் அளவுதான். பிட்டுக்குள் (டிராக்கின் ஓரம் கார் நிறுத்தும் இடம்) நுழைந்த உடனே கேஜை வைத்துப் பாருங்கள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

பைசா செலவில்லாத ஒரு சோதனை: டயரின் தோளில், ரப்பர் பட்டை முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில், சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். பெரும்பாலான டயர்களில் அந்த இடத்தில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். நான்கு சுற்று ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு முக்கோணம் வரை அழிந்திருந்தால் சரி. அதைத் தாண்டி அழிந்திருந்தால் டயர் மடங்கிப் பக்கச்சுவரில் ஓடுகிறது, 2 பி.எஸ்.ஐ. கூட்டுங்கள். கோடு அப்படியே இருந்தால் காற்று அதிகம். வீட்டுக்குக் கிளம்பும்போது, டயர் ஆறிய பிறகு, கம்பெனி சொன்ன அளவுக்குக் காற்றைச் சரிசெய்ய மறக்க வேண்டாம்.

படி 3: அலைன்மென்ட்

காற்றைக் கூட்டியும் தோள் தேய்வது நிற்கவில்லை என்றால் கேம்பர், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சக்கரத்தின் சாய்வு, போதவில்லை. ஸ்விஃப்ட்டின் முன்பக்க சஸ்பென்ஷன் ஸ்ட்ரட் வகை. கேம்பர் போல்ட் போட்டால் ஒன்றரை டிகிரி வரை நெகட்டிவ் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது) கொண்டுவரப் பார்க்கலாம். டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு, பூஜ்யத்தில் இருக்கட்டும். பின்னால் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டு), அதில் திருகுவதற்கு அதிகமில்லை. வளைவில் மூக்கு வெளியே ஓடுகிறது என்றால், பின் டயரில் 2 பி.எஸ்.ஐ. கூட்டிப் பாருங்கள், வால் கொஞ்சம் இளகும். ஈரத்தில் இதைச் செய்ய வேண்டாம்.

ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தும் பழக்கம் சில ஷெட்களில் இன்னும் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். ஷாக் அப்சார்பர் அடிமட்டத்தில் முட்டி, மேட்டில் டயர் தரையை விட்டுவிடும்.

படி 4: எடை

ஸ்டெப்னி, ஜாக்கி, பின்சீட், தரை விரிப்பு என எல்லாவற்றையும் டிராக்கில் இறக்கிவையுங்கள். சீட் பெல்ட்டிலும் ஏர்பேக்கிலும் கை வைக்காதீர்கள். பெட்ரோல் ஒரு லிட்டர் முக்கால் கிலோ. கால் டேங்க் போதும். அதற்கும் கீழே போனால் நீண்ட வளைவில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி இன்ஜின் திக்கும்.

படி 5: நேரம் எடுப்பது

100 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடுகிறது. நொடிக்கு ஒருமுறை மட்டும் இடம் காட்டும் ஃபோன் ஜி.பி.எஸ். எங்கே பிரேக் பிடித்தீர்கள் என்று உங்களுக்குச் சொல்லாது. நொடிக்கு 10 முறை காட்டும் தனிக் கருவியை ஃபோனோடு இணையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். காற்றையும் கேம்பரையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

முழு வேகச் சுற்று முடித்து பிட்டுக்கு வந்ததும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். கொதிக்கிற பின் பிரேக் ஒட்டிக்கொள்ளும். கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு அண்டை கொடுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள்.

படி 6: இன்ஜின்

டர்போ இல்லாத இந்த இன்ஜினில் இ.சி.யு.வை (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ரீமேப் செய்தால், அதாவது அதன் புரோகிராமை மாற்றினால், சில குதிரைத்திறன்தான் கூடும். சென்னை வெயிலில் உள்ளே போகும் காற்றே 40 டிகிரி. நாக்கிங் (பெட்ரோல் சிலிண்டருக்குள் தாறுமாறாக வெடிப்பது) வராமலிருக்க இ.சி.யு. தானே இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்கும், கூடியதில் பாதி அங்கேயே போகும். ரீமேப் செய்தே தீருவேன் என்பவர்கள், டைனோவில் (காரின் திறனை அளக்கும் கருவி) ஏற்றி, காற்று-எரிபொருள் விகிதத்தையும் நாக்கிங்கையும் பார்த்துக்கொண்டே செய்பவரிடம் மட்டும் கொடுங்கள். லேப்டாப்பில் ஃபைலை ஏற்றிவிட்டு "முடிஞ்சுது சார், பிக்கப் பாருங்க" என்பவரிடம் வேண்டாம். அந்தப் பணத்துக்கு இன்னொரு ஜோடி முன் டயரும், இரண்டு நாள் டிராக் கட்டணமும் வரும்.