ஒரே நாளில் பனியாறும் ஏரிகளும்: ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வேக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

கனடாவின் ஆல்பர்ட்டாவில் லேக் லூயீஸிலிருந்து ஜாஸ்பர் வரை 232 கிலோமீட்டர் நீளும் மலைச்சாலை இது. முதல் தடவை நாங்கள் எல்லா ஏரிக்கரையிலும் வண்டியை நிறுத்தி, பனியாற்றுக்குப் போய்ச் சேரும்போது மாலையாகிவிட்டது, கால்களும் ஓய்ந்துவிட்டன. அதனால் சொல்கிறேன்: தூரத்தில் இருப்பதை முதலில் பாருங்கள். ஏரிகளைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.

1. முந்தின இரவே பெட்ரோல் டேங்கை நிரப்புங்கள். வழியில் சஸ்காட்செவன் ரிவர் கிராசிங்கை விட்டால் வேறு பங்க் கிடையாது. செல்போன் சிக்னலும் பெரும்பாலும் இருக்காது, மேப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம். அதற்கு முன்னால் போனால் ஏரிகள் உறைந்தே கிடக்கலாம்.

2. காலை ஏழு மணிக்கு லேக் லூயீஸிலிருந்து கிளம்பி, நிற்காமல் 130 கிலோமீட்டர். இதுதான் கஷ்டமான கட்டம். பின்சீட்டிலிருந்து "நிறுத்து, நிறுத்து" என்று குரல் வந்துகொண்டே இருக்கும்.

3. அதபாஸ்கா பனியாறு. நீளம் சுமார் 6 கிலோமீட்டர். கார் நிறுத்துமிடத்திலிருந்து அதன் நுனியை நோக்கி ஒரு சின்ன ஏற்றப் பாதை போகிறது. வழியில் ஆண்டு எழுதிய பலகைகளைப் பார்ப்பீர்கள்: அந்த ஆண்டில் பனி அதுவரை இருந்தது. நீங்கள் பிறந்த காலத்துப் பலகையருகே நின்று, பனி இப்போது எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். நடுவே வெறும் கற்குவியல். கடந்த 125 ஆண்டுகளில் 1.5 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்டது.

ஜூலையிலும் பனிமேலிருந்து இறங்கும் காற்று காதை அறுக்கும். குல்லாய், கையுறை கட்டாயம். கயிற்றுத் தடுப்பைத் தாண்டவே கூடாது. மேலே மெல்லிய பனி மூடியிருக்க, அடியில் ஆழமான பிளவுகள் இருக்கும். விழுந்து இறந்தவர்கள் உண்டு. பனிமேல் நடக்க ஆசையா? வழிகாட்டியோடு போங்கள்.

4. சாப்பாட்டை முடித்துக்கொண்டு திரும்புங்கள். மிச்சத்தை வெளியே விடாதீர்கள், கரடி நடமாடும் இடம்.

5. மதியம் பேய்டோ ஏரி. கால் மணி நேரம் மேலேறினால், காட்சிமேடையிலிருந்து ஓநாய்த் தலை வடிவில் ஏரி தெரியும். சூரியன் உச்சியில் இருக்கும்போதுதான் அந்த நீலப்பச்சை முழுசாக வரும். பனியாறு நகரும்போது அடியிலுள்ள பாறையை மாவாக அரைக்கிறது. அந்த மாவு நீரில் அடியில் தங்காமல் மிதந்து ஒளியைச் சிதறடிப்பதால்தான் இந்த நிறம்.

6. கடைசியாக 'போ' (Bow) என்ற ஏரி. இங்கே தண்ணீர்வரை இறங்கலாம். எதிரே க்ரோஃபுட் பனியாறு: காக்கைக்கால் மாதிரி மூன்று விரல் இருந்ததாம், இப்போது எண்ணினால் இரண்டுதான்.

லேக் லூயீஸ் பக்கத்திலிருக்கும் மொரெய்ன் ஏரியை இதே நாளில் திணிக்காதீர்கள். 2023 முதல் அங்கே சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை, ஷட்டில் பஸ்ஸுக்கு முன்பதிவு வேண்டும்.

போ ஏரியில் என் மகள் அந்த நீலத்தைப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தாள். லேசான கலங்கல், நிறமே இல்லை. "ஏமாத்திட்டாங்கப்பா" என்று ஏரியிலேயே திரும்பக் கொட்டிவிட்டாள்.